ஒரு பிஸ்கட்டுக்கு ஒரு கிளிக்

நாயின் காதிலிருந்து இரத்தம் எடுப்பது யாருக்கும் வரும். கொஞ்சம் பொறுமை வேண்டும், கொஞ்சம் வெதுவெதுப்பு வேண்டும், அவ்வளவுதான். பழைய காலுறையில் ஒரு பிடி அரிசியைப் போட்டுக் கட்டி, சோறு வெந்த சட்டியின் மூடி மேல் வைத்தால் ஐந்து நிமிடத்தில் சூடேறிவிடும். அதை நாயின் காதில் ஒத்தடம் கொடுப்பதுபோல் பிடிக்க வேண்டும். காது சூடானதும் ஓரத்தில் ஓடும் இரத்தக்குழாய் தெரியும். அதன் மேல் லேசாக வாசலின் தடவ வேண்டும். தடவாவிட்டால் இரத்தம் முடிக்குள் பரவிப் போய்விடும்; தடவினால் கடுகுபோல் திரண்டு நிற்கும். காதுக்குப் பின்னால் பஞ்சை வைத்துக்கொண்டு ஒரே குத்து. தயங்கினால் நாய்க்குத் தெரிந்துவிடும்.

இன்ஸ்பெக்டர் தனுஜா அவர்களே, முதலிலிருந்து எழுதச் சொன்னீர்கள். முதல் என்றால் இதுதான். எந்த மொழி வசதியோ அதில் எழுதலாம் என்றீர்கள். மலாயில் எழுதினால் அறிக்கை மாதிரி வந்துவிடும், ஆங்கிலத்தில் எழுதினால் மன்னிப்புக் கேட்கிற மாதிரி வந்துவிடும். அதனால் தமிழில் எழுதுகிறேன்.

என் பெயர் ஷர்மினி. வயது இருபத்தாறு. பத்தாங் பெர்ஜுந்தாயில் தோட்டத்தை விட்டு வெளியேறியவர்களுக்காகக் கட்டிய தாமான் குடியிருப்பில், கடைசி வரிசை வீட்டில் அப்பாவோடும் கோப்பியோடும் இருந்தேன். அப்பா பெயர் ஐயாவு. முப்பத்திரண்டு வருடம் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். கோப்பி எங்கள் நாய், எட்டு வயதுப் பெட்டை, பால் ஊற்றாத கோப்பியின் நிறம். அம்மா நான் பள்ளியில் படிக்கும்போதே போய்விட்டார். அப்பாவைப் போல அவருக்கும் சர்க்கரை நோய்தான். எங்கள் வரிசையில் சர்க்கரை இல்லாத வீடு ஒன்று உண்டு, அதில் ஆள் இல்லை.

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். உயிர்மருத்துவ அறிவியல். அப்பா ஊரெல்லாம் "என் மக டாக்டருக்குப் படிச்சவ" என்று சொல்லி வைத்திருந்தார். டாக்டர் இல்லை, ஆய்வுக்கூடம் என்று நான் திருத்தினால், "ரெண்டும் இரத்தந்தானே பாப்பா" என்பார். ரவாங்கில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எட்டு மாதம் வேலை பார்த்தேன். வெள்ளை அங்கி, என் பெயர் போட்ட அட்டை. முன்பின் தெரியாதவர்களின் இரத்தத்தைப் பார்த்து எண்களை எழுதுவது என் வேலை. எண் என்றால் எண். அதில் பாசம் கிடையாது, பொய் கிடையாது. அந்த எட்டு மாதம் நான் நன்றாகத் தூங்கினேன்.

அப்புறம் அப்பா ஒரு நாள் சந்தையில் மயங்கி விழுந்தார். குடும்பம் கூடியது. குடும்பம் என்றால் சிங்கப்பூரிலிருந்து அண்ணன் கோகிலன், கைப்பேசித் திரைக்குள்.

"நீ லேப்ல யார் யாரோ இரத்தத்தப் பாக்குற. வீட்டுல சொந்த அப்பா இரத்தம் இருக்கு. யோசி லா," என்றான்.

"நீ வரலாமே?"

"எனக்கு வேலை இருக்கு."

"எனக்கும் இருக்கு."

"உன்னோடது படிப்புக்கு ஏத்த வேல. அது எப்பவும் கெடைக்கும்."

மறு வாரம் வெள்ளை அங்கியைத் துவைத்து, மடித்து, திருப்பிக் கொடுத்தேன். இதைக் கோபத்தோடு எழுதவில்லை. என் படிப்பு வீட்டுக்கு உபயோகமாக வேண்டும் என்று எல்லோரும் ஆசைப்பட்டார்கள். உபயோகமானது.

அப்பாவுக்கு அரசாங்க கிளினிக்கில் இன்சுலின் கொடுத்தார்கள். காலை இருபது யூனிட், மாலை இருபது யூனிட். பேனா மாதிரி இருக்கும். பின்பக்கத் திருகைச் சுற்றினால் யூனிட்டுக்கு ஒரு கிளிக் சத்தம் கேட்கும், இருபது கிளிக் என்றால் இருபது யூனிட். அப்பா டயர் வெடித்தால் நடுரோட்டில் இறங்கிப் பார்க்கிற ஆள். ஆனால் ஊசியைப் பார்க்க மாட்டார். தொலைக்காட்சிப் பக்கம் முகத்தைத் திருப்பிக் கண்ணை இறுக மூடிக்கொள்வார். நான் பக்கத்தில் நின்று திருகி, வயிற்றில் போட்டுவிடுவேன். விரலில் குத்திப் பார்க்க ஒத்துக்கொள்ளவே இல்லை. அண்ணன் சர்க்கரை அளக்கும் மீட்டரும், இரத்தச் சொட்டை வைக்கும் பட்டைகள் பெட்டி பெட்டியாகவும் அனுப்பி வைத்தான். "ஸ்டீரிங் புடிச்ச வெரலு பாப்பா. தோலு டயர் மாதிரி இருக்கும். ஊசிதான் வளையும்," என்று கையை மடக்கிக்கொண்டார். பட்டைகள் அலமாரியில் காலாவதியை நோக்கிக் காத்திருந்தன.

போன ஏப்ரலில் கோப்பி தண்ணீர்ப் பாத்திரத்தை ஒரு நாளைக்கு ஏழு முறை காலி செய்யத் தொடங்கியது. விலா எலும்பு தெரிந்தது. கோலசிலாங்கூரில் உள்ள கால்நடை மருத்துவரிடம் கொண்டு போனேன். சீனப் பெண்மணி, நல்ல மாதிரி. ஆறு ஏழுக்குள் இருக்க வேண்டிய சர்க்கரை இருபத்தேழு என்றார். இனி வாழ்நாள் முழுக்க இரண்டு வேளை இன்சுலின் வேண்டும், வீட்டிலேயே அளந்து பார்த்துக் குறித்துவர வேண்டும் என்றார். மனிதருக்குப் போடும் அதே வகை இன்சுலின்தான், மனித மீட்டரும் போதும், கொஞ்சம் குறைத்துக் காட்டும் என்பதை நினைவில் வைத்துக்கொள் என்றார். இனிப்புத் தின்றதால் நாய்க்கு இந்த நோய் வருவதில்லை, கணையம் வேலையை நிறுத்திவிட்டது என்று இரண்டு தடவை சொன்னார். மரியாதையாகக் கேட்டுக்கொண்டேன். அவர் எங்கள் அப்பாவைப் பார்த்ததில்லை.

முதல் நாள் ஏழு பட்டைகள் வீணாயின. இரண்டாம் நாள் நான்கு. கோப்பி மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. மூன்றாம் நாள் அப்பா தானாக வந்து தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒண்ணுமில்லடா கண்ணு. அக்கா சும்மா எட்டிப் பாக்குறா. அவ்ளோதான்."

கோப்பி அசையவில்லை. ஒரு சொட்டு. இருபத்தொன்று புள்ளி நான்கு. நான் புது நோட்டில் தேதி, நேரம், எண், சாப்பிட்ட அளவு என்று கோடு போட்டு எழுதினேன். ஆய்வுக்கூடத்தை விட்ட பிறகு எழுதிய முதல் எண். அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். "இந்தப் பொறுமைய எங்கிட்ட காட்ட மாட்டா இவ," என்று நாயிடம் சொன்னார்.

ஜூன் மாதத்துக்குள் கோப்பியின் எண்கள் எட்டுக்கும் பதினொன்றுக்கும் நடுவில் நின்றன. காலை ஏழுக்கும் மாலை ஏழுக்கும் அது தானே வந்து காதைக் கொடுக்கும். உலகத்தில் நான் சொன்னதைச் சொன்னபடி செய்த ஒரே உயிர் அது.

இந்த இடத்தில் எங்கள் தாமானின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கிளினிக்கில் மிஸ்ஸி, அதாவது தாதி, சர்க்கரைக்காரர்களுக்கு ஒரு சின்னப் புத்தகம் கொடுப்பார். தினமும் வீட்டில் அளந்து எழுதிக் கொண்டுபோக வேண்டும். யாரும் அளப்பதில்லை. கிளினிக் நாளுக்கு முந்தின சாயங்காலம் மூன்று மாதத்தையும் ஒரே உட்காரலில் எழுதுவார்கள். படித்த பெண் என்பதால் எல்லாப் புத்தகமும் என்னிடம் வரும். பக்கத்து வீட்டு இராஜம்மா ஆன்ட்டி மூன்று நிறப் பேனாவோடு வந்தார்.

"ஆறு, ஏழு, அப்பப்ப ஒரு எட்டு போடும்மா. எல்லாம் ஆறா இருந்தா மிஸ்ஸி நம்ப மாட்டா. சித்திர வருசப் பொறப்பு அன்னைக்கு மட்டும் பன்னெண்டு போடு. அப்பதான் நெசமா இருக்கும்."

"நான் பொய் எழுத மாட்டேன் ஆன்ட்டி."

"இதுல என்ன பொய். ஒடம்பு நல்லா இருக்கணும்னு ஆசப்பட்டு எழுதுறதுதானே."

அதோடு கிளினிக்குக்கு முன்னால் இரண்டு நாள் அரைப் பட்டினி கிடப்பார்கள். அங்கே விரலில் குத்தும்போது எண் அடக்கமாக வரும். அப்பாவுக்கு இது வேடிக்கை. "லோரிய இன்ஸ்பெக்சனுக்கு கொண்டு போறதுக்கு முன்ன நல்ல டயர் எரவல் வாங்கி மாட்டுவோம். இன்ஸ்பெக்சன் முடிஞ்சதும் கழட்டிக் குடுத்துருவோம். அதே கததான்."

அப்பா தன் புத்தகத்தையும் நீட்டினார். கற்பனை எண் எழுத என் கை வரவில்லை. கோப்பியின் நோட்டைத் திறந்து அதில் இருந்ததை வரிசையாக எடுத்து எழுதினேன். நான் எழுதியவை எல்லாம் உண்மையான எண்கள். எடுத்த தேதியும் நேரமும் உண்மை. எடுத்த உடம்பு மட்டும் வேறு. அதை எழுத அந்தப் புத்தகத்தில் கட்டம் இல்லை.

மிஸ்ஸிக்கு ஆனந்தம். "பாருங்க, அங்கிள் புத்தகத்தப் பாருங்க. ஏறலாம், எறங்கலாம், ஆனா ஒழுங்கா இருக்கு. இதான் நெசமான புத்தகம்," என்று வரிசையில் இருந்தவர்களுக்குத் தூக்கிக் காட்டினார். அப்பா எழுந்து நின்று கும்பிட்டார்.

ஜூலையில் ஒரு மாலை கோப்பியின் எண் பத்தொன்பது காட்டியது. மறுநாள் மறுபடியும். ஆய்வுக்கூடத்தில் இப்படி நடந்தால் முதலில் மீட்டரைச் சந்தேகிக்க வேண்டும், அப்புறம் பட்டையை, அப்புறம் கையை. எல்லாம் சரியாக இருந்தன. ஐந்து மணிக்குப் பின்கட்டுச் சன்னல் வழியாகப் பார்த்தேன். அப்பா டின் பால் ஊற்றிய தேத்தண்ணியில் பிஸ்கட்டைத் தோய்த்தார். ஒரு பாதி அவர் வாய்க்கு, ஒரு பாதி கோப்பிக்கு. இரண்டு சர்க்கரைக்காரர்கள்.

"குடுத்தீங்களா பா?"

"என்னத்த?"

"பிஸ்கட்."

"இல்லியே."

"மூக்குல தூள் இருக்கு."

அப்பா கோப்பியின் மூக்கை ஆராய்ந்தார். "அதுவா. அது பழைய தூளா இருக்கும்."

மூன்று முறை எடுத்துச் சொன்னேன். கண் போய்விடும், சிறுநீரகம் போய்விடும் என்று படம் போட்டுக் காட்டினேன். மூன்றாவது முறை அவர் சொன்னார்: "அது பாத்துக்கிட்டே இருக்கு பாப்பா. ஒரு உசுரு பாத்துக்கிட்டே இருந்தா எப்புடித் திங்கிறது?"

 வாதத்தில் பதில் இல்லாத இடத்தில் ஒரு விதி வேண்டும். அன்றிலிருந்து ஒரு விதி வைத்தேன். கோப்பிக்கு அவர் கொடுத்து என் கண்ணில் படும் ஒவ்வொரு பிஸ்கட்டுக்கும் அவருடைய இன்சுலினில் காலையில் ஒரு யூனிட்டும் மாலையில் ஒரு யூனிட்டும் குறைக்கப்படும். குறைத்தது வீணாகாமல் கோப்பிக்குப் போகும், ஏனென்றால் ஏற்றிவிட்ட சர்க்கரையை யாராவது இறக்கியாக வேண்டும். ஒரு வாரம் முழுக்க பிஸ்கட் கொடுக்காமல் இருந்தால் இரண்டு யூனிட் திருப்பித் தருவது என்றும் வைத்திருந்தேன். விதி என்றால் நியாயம் இருக்க வேண்டும். அந்த வாரம் வரவே இல்லை.

இதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது மிரட்டல். பெற்ற அப்பாவை மிரட்டுகிற பெண் நான் இல்லை.

மாத்திரைகளில் நான் கை வைக்கவில்லை என்பதையும் பதிவு செய்துகொள்ளுங்கள். அவை நாளுக்கு நாள் சரியாகக் கொடுக்கப்பட்டன.

இருபது பத்தொன்பதானது. ஆகஸ்டில் பதினாறு. அவரிடம் ஒரு மாற்றமும் தெரியவில்லை என்றே எனக்குத் தோன்றியது. தண்ணீர் அதிகம் குடித்தார், வெயில் காலம். அடிக்கடி கழிவறைக்குப் போனார், வயது. பெல்ட்டில் புது ஓட்டை போட்டார். எல்லோரும் இளைத்து அழகாகிவிட்டார் என்றார்கள். உண்மையில் அவர் அந்த மாதங்களில் மிகவும் உற்சாகமாக இருந்தார். ஊசி போடும்போது கண்ணை மூடிக்கொண்டே உதட்டோரம் சிரிப்பார். நாயோடு சேர்ந்து இருப்பதால் வந்த மகிழ்ச்சி என்று நினைத்தேன்.

கிளினிக் நாளுக்கு முன்னால் இரண்டு நாள் மட்டும் முழு இருபதையும் போட்டுவிடுவேன். இதில் நான் கண்டுபிடித்தது எதுவும் இல்லை. தாமான் வழக்கம்தான், அவர்கள் பட்டினியால் செய்ததை நான் மருந்தால் செய்தேன். அப்படி ஒரு நாள் அப்பா கண்ணை மூடியபடியே, "நாளான்னைக்கு கிளினிக்கா பாப்பா?" என்றார். காலண்டரைப் பார்த்திருப்பார் என்று விட்டுவிட்டேன்.

நவம்பரில் நீரிழிவு நாள் கொண்டாட்டம். கிளினிக் வாசலில் கூடாரம் போட்டு, ஒலிபெருக்கி வைத்து, அந்த ஆண்டு சர்க்கரையைச் சிறப்பாகக் கட்டுப்படுத்தியவர் என்று ஐயாவு பெயரைக் கூப்பிட்டார்கள். மாலை போட்டார்கள். அறிவிப்புப் பலகையில் படம் ஒட்டினார்கள். அன்றைக்கு அவருடைய இன்சுலின் ஐந்து யூனிட். பரிசு என்று கண்ணாடிக் காகிதம் சுற்றிய ஒரு கூடை கொடுத்தார்கள். அதில் மூன்று வகை பிஸ்கட், இனிப்புக் கோப்பித் தூள், இரண்டு டின் பால். யாரோ ஒருவர் தீபாவளிக்கு மிஞ்சியதைக் கொடுத்திருப்பார்.

மேடையில் பேசச் சொன்னார்கள். அப்பா ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் தெரியாது. எம் மக சொல்றபடி இருக்கேன்," என்றார். கைதட்டினார்கள். அண்ணன் அந்தக் காணொளியைக் குடும்பக் குழுவில் போட்டு, தன் பெயரையும் சேர்த்து நன்றி சொன்னான். நான் கோப்பியைப் பார்த்தேன். பரிசு அதனுடையது, ஒருவரும் அதைக் கூப்பிடவில்லை.

கூடை பிஸ்கட் ஒரு வாரத்தில் தீர்ந்தது. டிசம்பர் முதல் வாரம் சுழியம்.

விதியைப் பாதியில் விட முடியாது. பேனாவைத் திருகாமலே ஊசியை மட்டும் குத்தி, பத்து எண்ணி, எடுத்துவிடுவேன். முதல் நாள் சுழியத்தில் குத்தியபோது அப்பா கண்ணைத் திறந்து என்னைத் திரும்பிப் பார்த்தார். கண் கலங்கி இருந்தது. வலித்ததா என்று கேட்டேன். "சே, வலியே இல்ல பாப்பா," என்றார்.

அந்த மாதம் கிளினிக்கில் கையிலிருந்து எடுத்த இரத்தப் பரிசோதனை, மூன்று மாதச் சராசரி காட்டுவது, பதின்மூன்று சதவீதம் என்று வந்தது. பயங்கரமான எண். இளம் டாக்டர் அந்தத் தாளையும் அப்பாவின் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, வேறு யாருடைய இரத்தமோ மாறிவிட்டது போலிருக்கிறது என்று சொல்லி, மார்ச்சில் மறுபடி எடுக்கத் தேதி கொடுத்தார். ஒரு பட்டதாரியின் கையெழுத்துக்கு இவ்வளவு மரியாதை இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

ஜனவரியில் கோப்பியை நடக்கக் கூட்டிப் போனபோது செம்பனை மட்டையின் முள் அப்பாவின் வலது பாதத்தில் ஏறியிருக்கிறது. அவருக்குத் தெரியவில்லை. கோப்பிக்குத் தெரிந்தது. அவர் காலடியிலேயே படுத்து அந்த இடத்தை முகர்ந்து முகர்ந்து நக்கியது. புண்ணில் வாய் வைத்தால் நாய்க்குத் தொற்று வந்துவிடும். கோப்பியை விலக்கி, வாயைக் கழுவிவிட்டு, அன்றைய குறிப்பில் எழுதினேன். புண்ணுக்கும் மஞ்சள் மருந்து போட்டேன். செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

பிப்ரவரியில் ஒரு நாள் அவர் நாற்காலியில் அசந்து தூங்கியபோது, முதல் தடவையாக அவர் விரலில் குத்திப் பார்த்தேன். தோல் டயர் மாதிரி இல்லை. மெதுவாகத்தான் இருந்தது. மீட்டரில் எண் வரவில்லை. அளவுக்கு மேல் போனால் அது எழுத்தைத்தான் காட்டும். எண் இல்லாததை நான் எழுதுவதில்லை. நோட்டில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன்.

"வீடு ஒரு மாதிரி நாறுதேம்மா," என்றார் இராஜம்மா ஆன்ட்டி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து.

"நாய் இருக்கிற வீடு ஆன்ட்டி."

அதிலிருந்து ஆறாம் நாள் காலை அப்பா குளியலறை வாசலில் விழுந்தார். மருத்துவமனையில் இரண்டு நாள் இருந்தார். காலிலிருந்து கிருமி இரத்தத்துக்குள் போய்விட்டது என்றார்கள். நினைவு வந்தபோது ஒரு தடவை கேட்டார்: "கோப்பிக்குப் பாத்தியா? எவ்ளோ?" ஒன்பது புள்ளி இரண்டு என்றேன். தலையாட்டினார். அவருக்குத் திருப்தி. அன்று மாலை இறந்தார். மரணப் பத்திரத்தில் இயற்கை மரணம் என்று எழுதினார்கள்.

சாவு வீட்டில் என்னைப் பற்றித்தான் பேச்சு. "நாய்க்கே அப்புடிப் பாத்தவ, பெத்த அப்பனுக்கு எப்புடிப் பாத்திருப்பா," என்றார் இராஜம்மா ஆன்ட்டி. அண்ணன் சிங்கப்பூரிலிருந்து வந்து என் தோளில் சாய்ந்து அழுதான். மிஸ்ஸியும் வந்திருந்தார். "எங்க கிளினிக்லயே அங்கிள் புத்தகந்தான் அழகு. எப்புடி இது நடந்துச்சுன்னே தெரியல," என்றார்.

"அது நாயோட எண் மிஸ்ஸி," என்றேன்.

"என்னம்மா?"

"புத்தகத்துல இருந்தது கோப்பியோட எண். அப்பாவுக்கு நான் ஊசி போடல. டிசம்பர்லேருந்து வெறும் ஊசிதான் குத்துனேன்."

 இராஜம்மா ஆன்ட்டி என் தலையைத் தன் மார்போடு அணைத்துக்கொண்டு, "சாப்புடாம கெடக்கா பாவம், யாராச்சும் தண்ணி கொண்டாங்க," என்றார். சீனி போட்ட தேத்தண்ணி கொண்டுவந்தார்கள்.

மூன்றாம் நாள் நூருல் அமீன் மாமா வந்தார். சந்தைக்குப் பக்கத்தில் உணவுக்கடை வைத்திருப்பவர். அப்பா தினமும் போய் உட்காரும் கடை; அவரை நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார். வாசலிலேயே நின்று பேசினார்.

"ஒன்ன நெனச்சா பெருமையா இருக்கும்மா. அண்ணே வாயத் தொறந்தா ஒன் பேச்சுதான். நீ ஊசி போடும்போது கண்ண மூடிக்கிட்டு கிளிக்க எண்ணுவாராம். 'முப்பது வருசம் கியர் சத்தத்தக் கேட்டே ஓட்டுனவன் நானா, எனக்குக் காது போதும்'பாரு. இருபது இருந்துச்சு, இப்ப பதினெட்டு, இப்ப பதினஞ்சுன்னு வந்து சொல்லுவாரு. 'எம் மக கொறச்சிக்கிட்டே வர்றா. நம்பரு நல்லா வருதுன்னு மிஸ்ஸியே சொல்றா. கிளினிக்குக்கு முன்ன மட்டும் ரெண்டு நாள் கூட்டுவா, இன்ஸ்பெக்சன் டயர் மாதிரி'ன்னு சிரிப்பாரு."

மாமா தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"ஒரு கிளிக் கொறஞ்சா அன்னைக்கு ஏங்கடையில ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்குவாரு. கோப்பியும் கொண்டாடட்டும்னு. டிசம்பர்ல ஒரு நாள் ஓடி வந்தாரும்மா. கண்ணுல தண்ணி. 'நானா, இன்னைக்குச் சத்தமே இல்ல. சுத்தமா இல்ல. எம் மக என்னையக் கொணமாக்கிட்டா'ன்னு. கடையில இருந்த அத்தன பேருக்கும் தேத்தண்ணி வாங்கிக் குடுத்தாரு."

மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார். மறுநாள் காலை நான் உங்கள் நிலையத்துக்கு வந்தேன். இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று கேட்டீர்கள். இல்லை. மரணப் பத்திரத்தில் தவறான தகவல் இருக்கிறது. அதைத் திருத்தத்தான் வந்தேன். தவறான பதிவை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அது படிப்பு தந்த பழக்கம். உங்கள் கான்ஸ்டபிள் முதலில் என்னை வீட்டுக்குப் போய் ஓய்வெடுக்கச் சொன்னார். கோப்பியின் நோட்டையும் அப்பாவின் புத்தகத்தையும் பக்கம் பக்கமாக மேசையில் விரித்து வைத்த பிறகுதான் உங்களைக் கூப்பிட்டார். குளிர்ப்பெட்டியில், முட்டை வைக்கும் தட்டில், நீங்களே எண்ணினீர்கள்: பயன்படுத்தாத இன்சுலின் குழாய்கள் பன்னிரண்டு. கோப்பிக்குப் போக மீந்தவை. ஒன்றைக்கூட நான் தூக்கிப் போடவில்லை.

ஆக, சுருக்கமாக: என் தகப்பனார் ஐயாவு என்பவருக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்த இன்சுலினை ஜூலை முதல் படிப்படியாகக் குறைத்து, டிசம்பர் முதல் முழுவதுமாக நிறுத்தினேன். நிறுத்தினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அதைப் பாடமாகப் படித்து, அந்தத் தாளில் முதல் வகுப்பு வாங்கியிருக்கிறேன். புத்தகத்தில் நாயின் எண்களை எழுதி மருத்துவரிடம் காட்டினேன். யாரும் என்னைத் தூண்டவில்லை. கையெழுத்து என்னுடையது.

ஒரு வேண்டுகோள். கோப்பிக்கு மாலை ஏழு மணிக்குப் பார்க்க வேண்டும். அரிசிக் காலுறை அடுப்புக்குப் பக்கத்தில் தொங்குகிறது. அப்பா போனதிலிருந்து அது எனக்குக் காதைக் கொடுக்க மாட்டேன் என்கிறது. வாசலைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறது. தலையை மடியில் வைத்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். பிஸ்கட் மட்டும் யாரும் கொடுக்க வேண்டாம்.

அப்பாவைப் பற்றிக் கடைசியாக ஒன்று. ஐந்து மாதம், காலையும் மாலையும், என் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கிளிக்காக எண்ணியிருக்கிறார். ஊரில் போய்ச் சொல்லியிருக்கிறார், கடையில் சொல்லியிருக்கிறார், ஒருவேளை நாயிடமும் சொல்லியிருப்பார். என்னிடம் ஒரே ஒரு வார்த்தை, ஏன் பாப்பா குறைக்கிறாய் என்று கேட்டிருந்தால், அந்த நிமிடமே சொல்லியிருப்பேன். நான் பொய் சொல்கிறவள் இல்லை.